சாடியோடு வந்த கடிதம்

அருங்காட்சியகத்துக்கு வரும் பழம்பொருள்களின் உடைமை ஆவணங்களைச் சரிபார்ப்பது என் பணி. பொருளோடு ஒரு பழைய கடிதமும் இருந்துவிட்டால் அது களவாடப்பட்டதாக இருக்காது என்று, விற்பவர் மட்டுமன்றி வாங்குபவரும் நம்பிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களிடம் நான் தவறாமல் சொல்வது யூஃப்ரோனியோஸ் சாடியின் வரலாறு.

கி.மு. 515 வாக்கில் ஏதென்ஸில் யூக்ஸிதியோஸ் வனைந்து, யூஃப்ரோனியோஸ் ஓவியம் தீட்டிய அந்தச் சாடி, விருந்தில் மதுவோடு நீரைக் கலப்பதற்கானது. உயரம் சுமார் 46 செ.மீ. ட்ராய் போரில் மாண்ட சர்ப்பீடோனின் உடலை உறக்கமும் மரணமும் சிறகுள்ள வீரர்களாக வந்து தூக்குகிறார்கள்; காயங்களிலிருந்து இன்னும் குருதி வழிகிறது. மண்ணின் செந்நிறத்தையே உருவங்களுக்கு விட்டுச் சுற்றிலும் கருமை பூசும் முறையில், இவ்வளவு துயரத்தைச் சொல்லும் ஓவியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972இல் ராபர்ட் ஹெக்ட் என்ற வணிகரிடமிருந்து இதைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. சாடி பெய்ரூட்டைச் சேர்ந்த டிக்ரான் சராஃபியனுடையது என்றும், அவருடைய தந்தை 1920இல் லண்டனில் நாணயங்களைக் கொடுத்து அதைப் பெற்றார் என்றும் அதனுடன் வந்த கடிதம் கூறியது. அக்கடிதத்தின் தேதி 1971 ஜூலை. ஆனால் இத்தாலியின் செர்வெத்தெரி அருகே, ரோமானியருக்கு முன் அங்கு செழித்திருந்த எட்ருஸ்கன் மக்களின் கல்லறை ஒன்றைக் கொள்ளையர் அதே ஆண்டு டிசம்பரில் தோண்டியபோதுதான் சாடி வெளிவந்தது என்பது இத்தாலியப் புலனாய்வாளர்களின் முடிவு. 1909ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அந்நாட்டில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசின் உடைமை.

தோண்டுவதற்கு முன்பே கடிதம் எப்படி எழுதப்பட்டிருக்கும்? சராஃபியனிடம் வேறொரு சாடி இருந்ததென்றும், அதன் ஆவணங்களே இதனோடு சேர்க்கப்பட்டன என்றும், வாங்கிய காலத்தில் இயக்குநராக இருந்த தாமஸ் ஹோவிங்கே பின்னாளில் கருதினார். எனவே நான் முதலில் தேடுவது கையொப்பத்தின் உண்மையை அன்று. அளவு, படம், உடைந்த துண்டுகளின் விவரம் என, கண்முன் உள்ள இந்தப் பொருளைத்தான் ஆவணம் குறிக்கிறது என்பதற்கான சான்றையே. தனித்தனியே இரண்டும் உண்மையானவையாக இருந்தும், ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருக்கலாம்.

ஜெனீவாவில், களவுத் தொல்பொருள்களைக் கைமாற்றிவந்த இத்தாலிய வணிகர் ஜாக்கொமோ மெதிச்சியின் கிடங்கு 1995இல் சோதனையிடப்பட்டு ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் கிடைத்தன. பாரிஸில் ஹெக்டின் கையெழுத்து நினைவுக்குறிப்பும் சிக்கியது. மெதிச்சி தண்டிக்கப்பட்டார்; ஹெக்ட் மீதான வழக்கோ காலவரம்பு கடந்து 2012இல் தீர்ப்பின்றி முடிந்தது. 2006இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2008 ஜனவரியில் சாடி இத்தாலி திரும்பியது.

இன்று அது செர்வெத்தெரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏதென்ஸில் பிறந்த ஒரு சாடியை எந்த எட்ருஸ்கன் குடும்பம் யாருக்காகப் புதைத்தது, அருகில் வேறென்ன வைத்தது என்பதையெல்லாம் சொல்லியிருக்கக்கூடிய கல்லறையின் அமைப்பு மட்டும் அந்த டிசம்பரிலேயே கலைக்கப்பட்டுவிட்டது.