பூனை ஏன் முடியைத் துப்புவதில்லை?

புரட்டாசி பிறந்துவிட்டது. டர்பனில் நம் வீடுகளில் மீனும் இறைச்சியும் நின்ற அதே நாட்களில்தான் பூனைகளுக்கு முடி கொட்டத் தொடங்குகிறது. மார்ச், ஏப்ரலில் கொட்டும் என்று படித்தால் நம்பிவிட வேண்டாம், அது வடபாதி உலகத்துக் கணக்கு. பழைய முடியை உதிரச் செய்வது பகலின் நீளம். நமக்கு வசந்தம் செப்டம்பரில்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: "சாமி விளக்குக்கு முன்னாலேயே பூனை வாந்தி எடுத்தது. நனைந்த திரி மாதிரி ஒன்று விழுந்தது. மாமியார் கெட்ட சகுனம் என்கிறார், பக்கத்து வீட்டில் எண்ணெய் புகட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

அக்கா, அது முடி உருண்டை. பெயர்தான் உருண்டை, உணவுக்குழாய் வழியாக நெருக்கப்பட்டு வருவதால் திரி மாதிரி நீண்டுவிடுகிறது. சகுனம் ஒன்றுமில்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால்வாசியைப் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது. உதிர்ந்த முடி வயிற்றுக்குப் போகாமல் எங்கே போகும்?

ஆனால் வாயில் ஒரு முடி சிக்கினால் நாம் உடனே துப்புகிறோமே, பூனை ஏன் துப்புவதில்லை? பதில் அதன் நாக்கில் இருக்கிறது. எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத விஷயம் இது.

பூனை உங்கள் கையை நக்கியிருந்தால் அந்த அரம் போன்ற சொரசொரப்பு தெரியும். அவை சின்னச் சின்ன முட்கள், நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. எல்லாமே தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும். அவற்றை வெறும் கூம்புகள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் நுண்ணிய சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2018ல் வேறு செய்தி சொன்னார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் குழிந்திருக்கிறது, குட்டி அகப்பை மாதிரி. வீட்டுப் பூனையிலிருந்து சிங்கம், புலி வரை அவர்கள் பார்த்த ஆறு இனங்களிலும் அப்படியே.

விளக்குத் திரியில் எண்ணெய் தானாக ஏறுகிறதல்லவா? அதே நுண்புழை விசையால் அந்தக் குழிக்குள் எச்சில் ஏறி நிற்கிறது. நாக்கு ரோமத்தின் மேல் அழுந்தும்போது முள் அடிவேர் வரை போய், அந்த எச்சிலை அங்கே விட்டுவிட்டு வருகிறது. எச்சில் ஆவியாகும்போது உடம்பும் குளிர்கிறது. சிக்கு தட்டுப்பட்டால் முள் விறைத்து நின்று இழுக்காமல், திரும்பிக்கொடுத்து அதை மெல்லப் பிரிக்கிறது.

இதே அமைப்பில் நோயல் ஒரு சீப்பும் செய்தார். அதில் சிக்கிய முடியை எடுக்க, முட்கள் சாய்ந்திருக்கும் திசையிலேயே விரலால் ஒரு தடவு தடவினால் போதும். பூனையின் நாக்கில் அந்தத் திசை தொண்டை! துப்ப முடியாது, விழுங்கித்தான் ஆக வேண்டும்.

தன் வீட்டுப் பூனையின் நாக்கு போர்வையில் மாட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் நோயலுக்கு இந்தக் கேள்வியே வந்தது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இதற்குத்தான் தர வேண்டும் என்பேன் நான். கண்ணெதிரே தினமும் நடப்பதை ஒருவர் நின்று பார்ப்பதற்கு ஆகும் செலவு அது.

சரி, வயிற்றுக்கு வருவோம். முடியும் கெரட்டின்தான், செரிக்காது. நமக்கும் நாய்க்கும் இரண்டு வேளை உணவுக்கு நடுவே வயிற்றைப் பெருக்கித் தள்ளும் வலுவான அலை ஒன்று வரும். பூனைக்கு அது அதே மாதிரி வருவதில்லை. பெரும்பாலான முடி மலத்தோடு போய்விடும், தங்கியது திரண்டு மேலே வரும்.

ஆகவே முதல் வைத்தியம் சீப்பு. நீங்கள் வாரி எடுக்கும் முடி அதன் வயிற்றுக்குப் போகாது. நீள முடிப் பூனையென்றால் இந்த மாதங்களில் தினமும் வாருங்கள். அடுத்து, புரட்டாசிச் சமையலுக்குப் பூசணி வாங்குவீர்களே, அதில் ஒரு துண்டை உப்பில்லாமல் வேகவைத்து மசித்து, அரை டீஸ்பூன் அதன் சாப்பாட்டில் கலக்கலாம். அந்த நார் சில பூனைகளுக்கு முடியைக் கீழே தள்ள உதவுகிறது. தாளித்த பூசணிக் கறியைத் தரவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

வெண்ணெயும் நெய்யும் பயன்படாது. அவை குடலிலேயே செரித்துவிடும், வழுக்க எதுவும் மிஞ்சாது. எண்ணெயை வாயைத் திறந்து ஊற்றுவது ஆபத்து. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும்.

எப்போதாவது ஒரு திரி விழுந்தால் துடைத்துவிட்டு விளக்கை ஏற்றுங்கள். ஆனால் திரும்பத் திரும்ப ஓங்கரித்தும் ஒன்றும் வராமல், சாப்பாட்டையும் ஒதுக்கி, மலமும் கழிக்காமல் இருந்தால் அடைப்பாக இருக்கலாம். கழுத்தை நீட்டித் தரையோடு பதுங்கி இருமிக்கொண்டே இருந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் தூக்கிப் போங்கள், அக்கா.