சர்வர் டிஸ்க்கைப் பெரிதாக்கும் ஸ்கிரிப்ட்டை ஓடவிடும் முன்

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கத்துத் துணிக்கடைகளிலிருந்து ஒரே மாதிரி அழைப்பு வரும்: "தம்பி, பில் போட முடியலை." பார்த்தால் கிளவுட் சர்வரில் டிஸ்க் நிறைந்திருக்கும். உடனே இணையத்தில் கிடைக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டை (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எடுத்து ஓடவிடுவதுதான் இப்போது வழக்கமாகிவருகிறது. எனக்குக் கவலை தருவதும் அதுதான்.

அமேசான் கிளவுட் சர்வரோடு இணைக்கும் ஈபிஎஸ் டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. சிறிதாக வேண்டுமென்றால் புது டிஸ்க் உருவாக்கித் தரவை எல்லாம் நகர்த்த வேண்டும். கட்டணமும் பயன்படுத்திய இடத்துக்கு இல்லை, ஒதுக்கிய இடத்துக்கு. அவசரத்தில் 100 ஜிபியை 500 ஆக்கினால் கடைக்காரர் மாதாமாதம் அந்த 500க்கும் பணம் கட்டுவார்.

அதனால் முதலில் எது நிறைத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் சர்வரில் நடப்பதைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைல்கள்தான். சில சமயம் அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்தே வைத்திருக்கும். அதை ரீஸ்டார்ட் செய்தாலே இடம் திரும்பிவிடும். இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ்' என்று வந்தால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம். ஆனால் இன்வாய்ஸ்களில் கை வைக்காதீர்கள். மலேசியாவில் வரிக்கான ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சரி, பெரிதாக்கியே ஆக வேண்டுமா? வேலை மூன்று அடுக்கில் நடக்கிறது: டிஸ்க், அதனுள் பார்ட்டிஷன் (பிரித்த பகுதி), அதனுள் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் அமைப்பு). அமேசானின் நிர்வாகப் பக்கமான கன்சோலில் அளவை மாற்றினால் முதல் அடுக்கு மட்டுமே வளரும். பார்ட்டிஷனை 'குரோபார்ட்' என்ற கட்டளை வளர்க்கும். அப்புறம் ஃபைல் சிஸ்டத்தை வளர்க்க, அது ஈஎக்ஸ்டி4 வகை என்றால் 'ரீசைஸ்2எஃப்எஸ்', எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் 'எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்'. எந்த ஃபைல் சிஸ்டம் என்று ஸ்கிரிப்ட்டே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஊகிக்கக் கூடாது.

ஸ்கிரிப்ட்கள் அதிகம் சிக்குவது குரோபார்ட்டில்தான். பார்ட்டிஷன் ஏற்கெனவே முழு அளவில் இருந்தால் அது 'நோசேஞ்ச்' என்று சொல்லி எக்சிட் கோடு 1 தரும்; 0 அல்லாத எக்சிட் கோடு என்றால் ஸ்கிரிப்ட்டுக்குப் பிழை. பிழை வந்தால் நின்றுவிடு என்று ஸ்கிரிப்ட்டின் தலையில் 'செட் மைனஸ் ஈ' எழுதியிருப்போம். முதல் ஓட்டம் பார்ட்டிஷனை வளர்த்ததும் இணைப்பு அறுந்தது என்று வையுங்கள். மறுபடி ஓட்டினால் குரோபார்ட்டோடு நின்றுவிடும். ஃபைல் சிஸ்டம் பழைய அளவிலேயே கிடக்கும். ஆகவே அந்த 1ஐத் தனியாகப் பிடித்து, அடுத்த அடுக்குக்குப் போகும்படி எழுதுங்கள்.

டிஸ்க் பெயரையும் நம்பிவிடாதீர்கள். அமேசானின் புதிய தலைமுறையான நைட்ரோ சர்வர்களில் கன்சோலில் 'எஸ்டிஎஃப்' என்று தெரிவது உள்ளே 'என்விஎம்இ' என்று தொடங்கும் பெயரில் இருக்கும். ரீபூட்டுக்குப் பின் அந்தப் பெயரில் உள்ள எண் மாறவும் கூடும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை காட்டும் சீரியல் எண்ணில், அமேசான் அந்த டிஸ்க்குக்குத் தந்த வால்யூம் ஐடி இருக்கிறது. அதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஸ்கிரிப்ட் தொட வேண்டும். பார்ட்டிஷன் பட்டியல் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் பார்ட்டிஷன் 2 டிபிக்கு மேல் வளராது என்பதையும் முன்பே சோதிக்கச் சொல்லுங்கள்.

கன்சோலில் டிஸ்க் அளவு மாற்றம் 'ஆப்டிமைசிங்' நிலைக்கு வந்ததுமே ஃபைல் சிஸ்டத்தை வளர்க்கலாம், முடியும்வரை கடையைக் காக்கவைக்க வேண்டாம். ஆனால் டிஸ்க்கின் அந்த நேரத்து நகலான ஸ்னாப்ஷாட் எடுக்காமல் ஸ்கிரிப்ட்டின் முதல் வரிகூட ஓடக் கூடாது. டிஸ்க் 80 சதவீதம் நிறைந்ததும் எச்சரிக்கை வரும்படி வைத்துவிட்டால், இதையெல்லாம் கடை திறக்குமுன் காலையிலேயே நிதானமாகச் செய்யலாம்.