யூனிட் எங்கே போகிறது? காந்த நானோ துகள் தயாரிப்பில் மின்கணக்கு

ஒரு கிலோ மேக்னடைட் (காந்தத்தால் இழுபடும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) நானோ துகளுக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ரியாக்டர் மீட்டரைப் பார்த்துத்தான் பதில் வருகிறது. பினாங்கின் புழுக்கத்தில் அந்தப் பதிலை நம்ப முடியாது.

பரவலாகப் புழங்குவது கூட்டு வீழ்படிவாக்கம்: இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலில் காரம் விட்டுத் துகளைப் படிய வைப்பது. ஒரு கிலோவுக்கு நீரேறிய ஃபெரிக் குளோரைடு 2.34 கிலோ, நீரேறிய ஃபெரஸ் குளோரைடு 0.86 கிலோ, காஸ்டிக் சோடா 1.38 கிலோ. லிட்டருக்கு 10 கிராம் என்று ஓட்டினால் 100 லிட்டர் தண்ணீர். குழாய்த் தண்ணீர் இங்கே 28 டிகிரியிலேயே வருகிறது. அதை 80 டிகிரிக்கு ஏற்ற 6 யூனிட், வெப்ப இழப்பு தனி. சூடாவது தண்ணீர்தான், இரும்பு அல்ல. செறிவைப் பாதியாகக் குறைத்தால் கிலோவுக்கான இந்தச் செலவு இரட்டிக்கும். சாதாரண வெப்பத்திலும் மேக்னடைட் உருவாகும் என்பதால், 60 டிகிரியில் ஒரு சோதனை ஓட்டம் பார்க்காமல் 80-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பழக்கம்.

உண்மையான விழுங்கி ஃபியூம் ஹூட், அதாவது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும், முன்பக்கம் ஏற்றியிறக்கும் கண்ணாடியுள்ள கூண்டு. ஒன்றரை மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம் கண்ணாடி திறந்திருந்து, காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போனால், மணிக்குச் சுமார் 1,200 கன மீட்டர் குளிரூட்டிய காற்று கூரைக்கு மேலே போய்விடும். அதற்கு ஈடாக 32 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள வெளிக்காற்றை உள்ளே இழுத்து 24 டிகிரிக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 14 கிலோவாட் வெப்பத்தை அகற்ற வேண்டும். அதில் முக்கால்வாசி காற்றின் ஈரத்தைப் பிழிவதற்கே. குளிரூட்டும் இயந்திரமான சில்லரின் திறன் எண் 3 என்றால், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை அகற்றினால், எட்டு மணி நேரத்துக்கு 37 யூனிட். நாளுக்கு ஒரு கிலோ பேட்ச்தான் ஓடுகிறது என்றால் அத்தனையும் அந்த ஒரு கிலோவின் தலையில் விழும். கண்ணாடியை இறக்கினால் மிச்சமாகுமா? காற்றளவைத் தானே குறைக்கும் கட்டுப்பாடு இருந்தால் மட்டும். மாறா விசிறி வைத்த ஹூட்டில் பைபாஸ் வழியே அதே காற்று போய்க்கொண்டிருக்கும். காரமாகக் காஸ்டிக்குக்குப் பதில் அம்மோனியா புழங்கும்போது ஹூட்டை நிறுத்தவே கூடாது. காஸ்டிக்குக்கு மாறி, மூடிய கலனும் சிறிய வெளியேற்றுக் குழாயும் வைப்பதுதான் சரியான வழி.

அடுத்தது கழுவல். ஒரு கிலோவுக்கு 2 கிலோ உப்பு சேர்ந்தே உருவாகிறது, அதாவது லிட்டருக்கு 20 கிராம். நிரந்தரக் காந்தத்தின் மேல் வைத்துத் துகளை 10 லிட்டர் சேறாக ஒடுக்கி, தெளிந்ததை இறக்கி, மறுபடி 100 லிட்டராக்கினால் ஒவ்வொரு கழுவலிலும் உப்பு பத்தில் ஒன்றாகும். மூன்றாவதில் லிட்டருக்கு 20 மில்லிகிராம். சேறு 30 லிட்டரிலேயே நின்றால் அதே இடத்துக்கு வர ஆறு கழுவல் வேண்டும். ஆகவே கழுவலை எண்ணாதீர்கள், மிஞ்சிய உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறனை நீரில் அளந்து நிறுத்துங்கள். உப்பு குறையக் குறையத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கத் தொடங்கலாம். இறக்கும் நீர் கறுப்பு கலந்த பழுப்பாக வந்தால் சரக்கு வடிகாலுக்குப் போகிறது என்று பொருள். அப்போது எஃகுக் கம்பளி அடைத்த காந்தத் தூண் வழியே விட வேண்டும்.

உலர்த்தல் பலருக்குத் தேவையே இல்லை. கிலோவோடு 4 கிலோ ஈரம் இருந்தால், இழப்பே இல்லாத அடுப்பிலும் 2.8 யூனிட் ஆகும். சூடான காற்றை வெளியே தள்ளும் சிறிய ஓவனில் அது எளிதில் இரண்டு மூன்று மடங்காகும். போதாக்குறைக்குக் கறுப்புத் தூள் காற்றில் ஆக்சிஜனேறி, பழுப்பான மேக்ஹமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாகிறது, காந்த ஏற்பு குறைகிறது. வாங்குபவர் சுத்திகரிப்புக்காகக் கழிவுநீரில் கலக்கத்தான் போகிறார் என்றால் சேறாகவே விற்கலாம்.

தள்ளுபடியாகும் பேட்சும் யூனிட்தான். பத்தில் இரண்டு தேறவில்லை என்றால் நல்ல கிலோவுக்கான செலவு 25 விழுக்காடு ஏறும். பெரும்பாலும் காரணம் ஒன்றே: காரம் விடும் முன்பே ஃபெரஸ் கரைசல் காற்றில் மஞ்சளாகிவிடுகிறது. நீரில் முதலில் நைட்ரஜன் விட்டு, அதன் பிறகு உப்பைக் கரைக்க வேண்டும். பழைய ஃபெரஸ் குளோரைடு டப்பாவில் பச்சைக்குப் பதில் பழுப்பு தெரிந்தால் தூக்கி வைத்துவிடுங்கள்.

இரும்புச் சேர்மத்தைச் சூட்டிலேயே சிதைத்துத் துகளாக்கும், 320 டிகிரி வரை போகும் வெப்பச் சிதைவு முறை, அளவு ஒரேசீராக வேண்டும் என்று கேட்டு அதற்குப் பணமும் தருபவர்களுக்கு மட்டும்.

2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள மலேசிய எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 6 மில்லியன் யூனிட் தொடும் பயனீட்டாளரைப் பிடிக்கும். நானோ பிரிவு தனியாக அங்கே எட்டாது. பெரிய ஆலைக்குள் இருந்தால் கணக்கில் சேரும். துணை மீட்டர் பொருத்தும்போது ஹூட் விசிறியோடு நிறுத்திவிடாதீர்கள். விசிறி காட்டுவது சொற்பம். ஹூட்டின் பெரும் செலவு சில்லர் மீட்டரில்தான் தெரியும்.