‘பனியன் கம்பெனியில வேலை’: இது எந்தக் கணக்கில் சேரும்?

வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புப் படிவங்களுக்குக் கோடு (code, அதாவது வகையைக் காட்டும் எண்) போடுவது என் வேலை. திருப்பூர்ப் பக்கத்துப் படிவங்களில் ‘என்ன வேலை’ என்ற கட்டத்தில் அடிக்கடி வருவது ‘பனியன் கம்பெனி’. அதோடு முடிந்தது. இன்னும் ஐந்து வருஷத்தில் எந்த வேலைக்கு எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று கணிக்க உட்காருகிறவருக்கு இது போதவே போதாது.

நமக்குத் தெரிய வேண்டியது இரண்டு. கம்பெனி எதைச் செய்கிறது? அதற்கு என்.ஐ.சி. 2008, அதாவது தேசியத் தொழில்துறை வகைப்பாட்டின் கோடு. அங்கே நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அதற்கு என்.சி.ஓ. 2015, அதாவது தேசிய வேலை வகைப்பாட்டின் கோடு.

நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங் எல்லாம் என்.ஐ.சி.யில் 13, அதாவது ஜவுளி. வெட்டித் தைக்கும் இடம் 14, ஆடைத் தயாரிப்பு. ஊர்ப் பேச்சில் அத்தனையும் பனியன் கம்பெனிதான். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, நேரடியாக அடி விழுந்தது 13-இல். தையலுக்குச் சிக்கல் வந்தது துணி சாயமேறி வராததால். இரண்டையும் ஒரே கோட்டில் போட்டுவைத்தால், வேலை எங்கே போனது, எது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தையல் யூனிட்டுக்குள் போனால் இன்னும் சிக்கல். இங்கே ஒவ்வொருவருக்கும் என்.சி.ஓ. எண் வேறு. ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்) ஓட்டுகிறவர் 815, இயந்திரம் இயக்குபவர். கட்டிங் மாஸ்டர் 753, ஆடைத் தொழில் கைவினைஞர். செக்கிங் 754. கைமடி, அதாவது தையல்காரருக்கு உதவியாள், 932. கம்பெனி வேன் ஓட்டுகிறவர் 832. வேலை ஓட்டுநர் என்றாலும் அவருடைய துறையும் ஆடைத் தயாரிப்புதான். ஓவர்லாக்காரரை ‘டெய்லர்’ என்று மட்டும் எழுதினால் அவரும் 753-க்குப் போய், கடை வைத்து ஜாக்கெட் தைக்கிறவரோடு சேர்ந்துவிடுவார்.

கணிப்பு போடும் முறையும் இதை நம்பித்தான் நிற்கிறது. முதலில் துறையில் மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பார்ப்பார்கள். அப்புறம் அந்தத் துறையில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை சதவீதம் பேர் என்று பிரிப்பார்கள். ஓய்வு பெறுகிறவர்கள், வேறு வேலைக்குப் போகிறவர்கள் இடத்துக்கு வேண்டிய ஆளையும் கூட்டுவார்கள். சதவீதம் தப்பானால், அதை வைத்துத் திறக்கிற பயிற்சி வகுப்புகளும் தப்பான வேலைக்கே ஆள் தயாரிக்கும். பணத்தையும் நேரத்தையும் போட்டுப் படித்த பிள்ளைகள்தான் அதில் கஷ்டப்படுவார்கள்.

ஆள் சப்ளை ஏஜென்சி மூலம் வேலை பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. நிறுவனங்களிடம் கணக்கெடுத்தால், ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் என்.ஐ.சி.யில் 78-இல், அதாவது ஆள் சப்ளைத் துறையில், போய் விழலாம். அவர் நாள் முழுக்கத் தைப்பது ஆடையாகவே இருந்தாலும்.

என்.சி.ஓ. 2004-லிருந்து 2015-க்கு மாறியது போல வகைப்பாடே மாறும்போது, ஒருவரும் வேலை மாறாமலே அட்டவணையில் எண்கள் குதிக்கும். பழைய வருஷத்தோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

எச்.ஆர். நண்பர்களுக்கு: ‘ஆபரேட்டர்’, ‘ஸ்டாஃப்’ என்று நிறுத்தாமல் எந்த மெஷின், எந்தப் பிரிவு என்றும் எழுதுங்கள். கணக்கெடுக்க வீட்டுக்கு வருகிறவரிடம் இப்படிச் சொன்னால் போதும்: “டி-ஷர்ட் தைக்கிற கம்பெனி. ஓவர்லாக் ஓட்டுறேன். சம்பளம் கான்ட்ராக்டர் தர்றார்.”