மலைமுகட்டுக் கோபுரம் எவ்வளவு சொல்லும்?

வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவி அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் கைபேசிகளில் மட்டுமே இருப்பதால், இடையிலுள்ள நிறுவனம் செய்தியைப் படிக்க இயலாது. ஆனால், எந்த இலக்கம் எந்த இலக்கத்தை எப்போது, எந்தக் கைபேசிக் கோபுரத்தின் வழியே அழைத்தது என்ற பதிவு தொலைபேசி நிறுவனத்திடம் திறந்தே கிடக்கிறது. கைபேசி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரியாமல் வலையமைப்பினால் அழைப்பைக் கொண்டுசேர்க்க முடியாது. ஆகவே, இப்பதிவு சேவையோடு கூடவே பிறப்பது.

கோபுரம் பெரும்பாலும் மூன்று திசைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 பாகைப் பரப்பை நோக்கும். பழைய 2ஜி முறையில், அலை போய்வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தையும் சுமார் 550 மீற்றர் படிகளில் கணிக்கலாம். எனினும், கைபேசி பொதுவாகப் பற்றிக்கொள்வது வலுவான அலையையே. அது அருகிலுள்ள கோபுரத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னாலுள்ள மலை அண்மைக் கோபுரத்தை மறைத்துவிட்டால், பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள முகட்டிலிருந்து வரும் அலையே வலுவாக இருக்கும். அப்போது பதிவேட்டில் விழுவது அக்கரைக் கோபுரத்தின் பெயர். அந்தச் சிம் அட்டை அப்பாவின் அடையாள அட்டையில் வாங்கப்பட்டு மகனின் கையில் இருந்தால், ஆளும் மாறிப்போகும்.

இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அச்சட்டத்தின் கீழான விசாரணையொன்றுக்குச் சந்தாதாரர் விவரத்தையும் தொடர்புப் பதிவையும் பொலிஸார் பெற நீதவானின் பிடியாணை தேவை. ஆனால், அவசரம், ஆதாரம் அழியும் அபாயம், விசாரணையின் இரகசியம் ஆகியவற்றைக் காட்டி அது இன்றியும் பெறலாம். கைபேசி சம்பந்தப்பட்ட எந்த வழக்கில்தான் இவற்றைக் காட்ட முடியாது? அந்தரங்கம் நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் வெளிப்படையாகச் சொல்லப்படாததால், இந்த விலக்கின் அகலம் எனக்கு உறுத்துகிறது. அதே சட்டத்திலுள்ள தரவைப் பேணிவைக்கும் ஏற்பாடு இதைவிட நிதானமானது. பதிவை அழிக்காமல் 7 நாட்கள் வைத்திருக்குமாறு கோரலாம். நீதவான் அதனை மொத்தம் 90 நாட்கள் வரை நீட்டலாம். ஆதாரமும் தொலையாது, ஆணை பெறவும் நேரம் கிடைக்கும்.

பொலிஸாருக்கென்று குறியாக்கத்தில் தனி வழி வைக்கலாமே என்பாரும் உண்டு. கிரேக்கத்தில் 2004-05 காலப்பகுதியில், தொலைபேசி இணைப்பகங்களில் சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்கென இருந்த வசதியை ஊடுருவியோர் இரகசியமாக இயக்கி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் அழைப்புகளைக் கேட்டனர். நல்லவர் மட்டும் நுழையும் வாசலை எவரும் இதுவரை கட்டிக்காட்டவில்லை.

ஆகவே, பிடியாணை எவ்வளவு கேட்கிறது என்பதிலேயே கவனம் வேண்டும். சம்பள நாள் மாலையில் ஹட்டன் நகரில் ஒரு கடை உடைக்கப்பட்டதாகக் கொள்வோம். அன்றைய கோபுரப் பதிவு முழுவதையும் எடுத்தால், சாமான் வாங்க வந்தோர், பஸ்ஸுக்கு நின்றோர், மருந்துக்கு வந்தோர் என அத்தனை பேரின் நடமாட்டமும் கோப்பில் ஏறிவிடும். கடையை நோக்கிய திசைப்பிரிவு, உடைப்பு நிகழ்ந்த ஒரு மணி நேரம், ஏற்கெனவே ஐயத்துக்குரிய சில இலக்கங்கள் என்று கோரிக்கையை நீதவான் சுருக்கினால், அதே கோபுரம் விசாரணைக்கு வேண்டியதைக் கொடுக்கும். மற்றவர்களின் மாலைப்பொழுது கோப்புக்கு வெளியே இருக்கும்.