கண்மாயின் கடைசித் தண்ணீரை இறைக்காதீர்கள்

"சார், ராத்திரி நல்லாத்தான் துள்ளிக்கிட்டுக் கிடந்துச்சு. விடியக்காலையில பாத்தா பூரா மிதக்குது!"

மீன் வளர்ப்பு ஆலோசகன் நான். பங்குனி பிறந்துவிட்டால் காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கத்து மீன்பாசிக் குத்தகைக்காரர்களிடமிருந்து (கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர்கள்) இப்படித்தான் போன் வரும். கூடவே, எதிராளி மருந்து கலந்துவிட்டான் என்ற சந்தேகமும் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெயில்தான் குற்றவாளி.

தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் கரைவது குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கரையும். 35 டிகிரியில் 7 தேறினாலே அதிகம். பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் பாசி, இரவில் தானும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் நிலைமை படுமோசம். முழங்கால் தண்ணீரில் கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்தபடி மேலே வந்து திணறும். அதே தண்ணீரில் விராலும் குறவையும் தலையை நீட்டி நேரடியாகக் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடும். அயிரையோ அடிச்சேற்றில் புதைந்து கிடக்கும்.

நம் கண்மாய்கள் வானம் பார்த்தவை, கோடையில் வற்றுவது வழக்கம்தான். நாட்டு மீன்கள் அதற்குப் பழகியவை. மடையை ஒட்டிய பள்ளத்தில் மிச்சத் தண்ணீரில் தாக்குப்பிடித்து, ஐப்பசியில் வரத்து வந்ததும் எதிரேறிப் போய் முட்டையிடும். கெண்டை, கெளுத்தி, உளுவை எல்லாவற்றுக்கும் அந்தப் பள்ளம்தான் விதைக்குதிர். வெயில் கூடக் கூட அதன் அருமையும் கூடுகிறது. நாமோ கடைசி மீனையும் பிடித்துவிட அங்கேதான் மோட்டாரை இறக்குகிறோம்.

மீன்பிடித் திருவிழாவைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஊரே இறங்கினாலும் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடைக்குத் தப்பும் குஞ்சுகள் ஏராளம். கடைசிச் சொட்டுவரை இறைத்துவிட்டு, அடுத்த குஞ்சு விடுவதற்குமுன் 'களைமீன்' (வளர்க்காமல் தானாக வளரும் நாட்டு மீனுக்கு அவர்கள் வைத்த பெயர்) ஒழிய இலுப்பைப் பிண்ணாக்கு போடுவதுதான் வேரோடு பிடுங்கும் வேலை. பிண்ணாக்கின் விஷம் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். போன அயிரை தானாக வராது. தூர்வாருகிறவர்களும் மட்டம் பார்த்து ஜேசிபியால் தட்டு மாதிரி வழித்துவிடுகிறார்கள். பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும், கரையோரம் சரிவாக இருக்கட்டும் என்றால் பில் போட முடியாது என்கிறார்கள்!

திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. பெரிய மனசுதான். ஆனால் நாரைக்கும் கரண்டிவாயனுக்கும் கூடு கட்ட மரம் இருந்தால் மட்டும் போதுமா? குஞ்சுக்கு ஊட்டச் சிறுமீனும் நத்தையும் தவளையும் வேண்டும். அதெல்லாம் சுற்றுவட்டாரக் கண்மாய்களில்தான் இருக்கிறது.

அப்புறம், ஆப்பிரிக்கக் கெளுத்தி. தடை செய்யப்பட்டது, மலிவாகக் குஞ்சு கிடைத்தாலும் வாங்காதீர்கள். வெப்பமும் அழுக்குத் தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது; அருகிலிருக்கும் நாட்டு மீனைத் தின்றே கொழுக்கும்.

அடுத்த ஏலத்தில் ஊர்க்கூட்டம் ஒரே ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: மடைப்பள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும்போதே மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். குத்தகைக்காரர் நட்டமாகும் என்பார். கட்லா, ரோகுவை மாசிக்குள் பிடித்து விற்றுவிடச் சொல்லுங்கள். பங்குனி வெயிலை அவை எப்படியும் தாங்கப்போவதில்லை.