ஹோமியோஸ்டாசிஸ்: சமநிலை அல்ல, உள்நிலை பேணல்

உடல் தன் வெப்பம், நீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றை ஓர் எல்லைக்குள் வைத்துக்கொள்வதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர். எந்த உடல்நலக் கட்டுரையைத் திறந்தாலும் இதற்குச் ‘சமநிலை’ என்றே போட்டிருக்கிறார்கள். அது தவறு.

இந்தச் சொல்லை 1926-இல் ஆக்கியவர் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன். கிரேக்கத்தில் ‘ஹோமோயோஸ்’ என்றால் ஒத்த, ‘ஸ்டாசிஸ்’ என்றால் நிற்றல். ‘அதே’ என்று பொருள்படும் ‘ஹோமோ’வை அவர் விட்டது தெரிந்தேதான். அளவு சற்று ஏறும், இறங்கும், எல்லை தாண்டாது.

சமநிலை என்ற சொல்லை வேதியியல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. எதிரெதிர்ப் போக்குகள் ஈடாகி, நிகர மாற்றம் நின்றுபோன நிலை அது. உடலிலோ கதை நேர்மாறு. உயிரணுவுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே சோடியம் சுமார் 10 மடங்கு அதிகம். பொட்டாசியம் உள்ளேதான் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வைக் காக்க உயிரணுச் சவ்வில் இருக்கும் எக்கிகள் (உப்பை உள்ளும் புறமும் தள்ளும் பம்புகள்) ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கின்றன. எக்கிகள் நின்று இருபுறமும் சமமானால் உயிரணு செத்துவிடும். சாவில் வரும் நிலையின் பெயரை உயிர்வாழ்வதற்குச் சூட்டலாமா?

‘நீர் வரவும் செலவும் சமம்தானே’ என்பார்கள். சரி, அந்த வரவு செலவுக் கணக்கை நீர்ச் சமநிலை என்றே சொல்லட்டும். கணக்கைச் சரிக்கட்டும் வேலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சிறுநீரகங்கள் நாளுக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, 1.5 லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. இரத்தத்தின் செறிவு 1, 2 சதவீதம் கூடினாலே மூளை உணர்ந்து, நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகிறது. இன்னும் கொஞ்சம் கூடினால் தாகம் எடுக்கிறது. இத்தனையும் செயல்.

அதனால்தான் ‘உள்நிலை பேணல்’ என்கிறேன். ‘தன்னிலை காத்தல்’ என்பதையும் ஏற்கலாம், அதிலும் வினை இருக்கிறது. ‘ஒருசீர்த் திடநிலை’ என்பதை ஏற்க முடியாது. திடநிலை என்றதும் பனிக்கட்டியும் இரும்பும்தான் நினைவுக்கு வருகின்றன. நீர், உப்பு அளவைக் காப்பதை மட்டும் குறிக்க ‘ஊடுகலப்பு ஒழுங்குபாடு’ என்று பாடநூலில் வைத்திருக்கிறார்கள். ‘நீர்-உப்பு பேணல்’ என்றால் பள்ளிப்பிள்ளைக்கும் புரியுமே!

அகராதியில் முதலில் கண்ணில்பட்ட சொல்லைப் போட்டுவிட்டு நகர்வதுதான் இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலரின் வழக்கம். அந்தச் சொல் வேறு துறையில் வேறு பொருளில் உழைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. வேதியியல் வகுப்பில் ஒன்றும் உயிரியல் வகுப்பில் அதற்கு எதிரான ஒன்றும் ஒரே சொல்லால் படிக்கிற பிள்ளைதான் பாவம்.